பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை: மைஎஸ்க்யூஎல் 8.4க்கு மாறிய பின் வரும் பிழைகள்

வரப்பு:
மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 5.7இல் இருந்து டம்ப் (முழு நகல்) எடுத்து, புது சர்வரில் 8.4 போட்டு ஏற்றியாச்சு. யூசர்களைப் புதிதாக உருவாக்கினோம். இப்போ இரண்டு தகராறு.

பில்லிங் அப்ளிகேஷன் பிஎச்பி 7.2.1. கனெக்ட் ஆகும்போதே 2054 பிழை, கூடவே ‘கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்ட்’ என்ற பெயரைக் காட்டி, இந்தப் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை கிளையண்டுக்குத் தெரியாது என்கிறது.

ரிப்போர்ட் எடுக்கும் ஜாவா புரோகிராம் ஜேடிபிசி (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர்) வழியாக வருது. பகலெல்லாம் ஓடும். இரவு சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் காலையில் ‘பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்டு’. யாராவது வொர்க்பெஞ்ச் என்ற மைஎஸ்க்யூஎல் கருவியில் அதே யூசராக ஒரு தடவை நுழைந்துவிட்டால் ஜாவாவும் தானாகச் சரியாகிவிடுது!

சர்வரிலேயே கமாண்ட் லைனில் அதே பாஸ்வேர்டு வேலை செய்யுது. பழைய முறையை இயல்பாக்க, கான்ஃபிக்கில் டிஃபால்ட்_ஆதென்டிகேஷன்_பிளகின் வரியைச் சேர்த்தால் சர்வரே ஏற மறுக்குது.

நடுநிசி_டிபிஏ:
ஜாவா விஷயத்தில் நீங்கள் பார்ப்பது பேய் வேலை இல்லை, கேஷ் வேலை. கேச்சிங்_ஷா2 முறையில் ஒரு யூசர் முதல் தடவை வரும்போது பாஸ்வேர்டு முழுதாக சர்வருக்குப் போயாக வேண்டும். அதற்குப் பாதுகாப்பான வழி தேவை: டிஎல்எஸ் (மறையாக்கிய கனெக்‌ஷன்; எஸ்எஸ்எல் என்பது இதன் பழைய பெயர்), அல்லது யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே மெஷினுக்குள் மட்டும் செல்லும் வழி), இரண்டும் இல்லையென்றால் சர்வரின் ஆர்எஸ்ஏ பப்ளிக் கீயால் பூட்டி அனுப்ப வேண்டும். அது தேறியதும் பாஸ்வேர்டின் ஹாஷ் ஒன்றை (திரும்பப் பிரிக்க முடியாத சுருக்கம்) சர்வர் மெமரியில், அதாவது கேஷில், வைத்துக்கொள்ளும். அதே யூசர் அடுத்து வரும்போது அதை வைத்தே சரிபார்க்கும், டிஎல்எஸ் இல்லாவிட்டாலும் விட்டுவிடும்.

வொர்க்பெஞ்ச் டிஎல்எஸ்ஸில் வந்து கேஷை நிரப்புது, ஜாவா அதில் ஓசியில் பயணம் செய்யுது. ரீஸ்டார்ட் ஆனால் கேஷ் காலி. பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த யூசருக்கு அப்படித்தான், ஃப்ளஷ் பிரிவிலெஜஸ் கமாண்ட் கொடுத்தால் எல்லோருக்கும்.

ஜேடிபிசி யூஆர்எல்லில் யூஸ்எஸ்எஸ்எல்=ஃபால்ஸ் இருக்கும், பாருங்கள். பழைய எச்சரிக்கைச் செய்தியை அடக்க எல்லோரும் போட்டு வைத்த வரி அது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்எல்மோட்=ரிக்வயர்டு போடுங்கள். அலவ்பப்ளிக்கீரிட்ரீவல்=ட்ரூ என்று போட்டாலும் பிழை போய்விடும்தான், ஆனால் நடுவில் ஒருவன் தன் கீயை நீட்டினால் கிளையண்ட் அதையே நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும். சொந்த லேப்டாப்பில் டெஸ்ட் செய்ய மட்டும் அது ஓகே.

கூட்டுவட்டி:
பிஎச்பி பக்கம்: கேச்சிங்_ஷா2க்கு முழு ஆதரவு 7.4.4 முதல்தான். அதுதான் நிஜமான தீர்வு.

உடனே முடியாது என்றால், கான்ஃபிக்கில் மைஎஸ்க்யூஎல்டி பிரிவில் மைஎஸ்க்யூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்ட்=ஆன் (பழைய பாஸ்வேர்டு முறை) போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். 8.4இல் இந்தப் பிளகின் இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைந்திருக்கும். ஆன் செய்யாமல் யூசரை மாற்றப் போனால், பிளகின் ஏற்றப்படவில்லை என்று 1524 பிழை வரும். பிறகு ஆல்டர் யூசர் மூலம் பில்லிங் யூசரை மட்டும் நேட்டிவுக்கு மாற்றுங்கள். ஹோஸ்ட் இடத்தில் சதவீதக் குறி (எங்கிருந்தும் வரலாம் என்று பொருள்) வேண்டாம், அப்ளிகேஷன் சர்வரின் ஐபியை மட்டும் கொடுங்கள்.

இதோடு முடியாது. பிஎச்பி 7.2 வரிசையில் 7.2.4க்கு முந்தைய வெளியீடுகளில், யூசர் நேட்டிவாக இருந்தாலும் அதே 2054 வரும். சர்வர் முதல் வணக்கத்திலேயே தன் இயல்பு முறையின் பெயரைச் சொல்லும், அந்தப் பெயரைக் கேட்டதுமே பழைய கிளையண்ட் கையை விரித்துவிடும். உங்களது 7.2.1. குறைந்தபட்சம் அதே வரிசையின் கடைசி வெளியீடான 7.2.34க்காவது போங்கள், கோடு மாற்ற வேண்டி வராது.

நீங்கள் போட்ட டிஃபால்ட்_ஆதென்டிகேஷன்_பிளகின் 8.4இல் நீக்கப்பட்டது. தெரியாத வேரியபிள் என்று எர்ரர் லாகில் எழுதிவிட்டு சர்வர் நின்றுவிடும். வரியை எடுத்துவிடுங்கள். 9.0இல் நேட்டிவ் பிளகினே கிடையாது என்பதால் இது தவணை வாங்குவதுதான்.

நடுநிசி_டிபிஏ:
சோதிக்க இரவுவரை காத்திருக்க வேண்டாம். ஃப்ளஷ் பிரிவிலெஜஸ் கொடுத்துவிட்டு, கமாண்ட் லைனில் அதே ஜாவா யூசராக ஹோஸ்ட் 127.0.0.1, எஸ்எஸ்எல்-மோட் டிஸேபிள்டு என்று கனெக்ட் செய்யுங்கள். பாதுகாப்பான கனெக்‌ஷன் தேவை என்று 2061 பிழை வந்தால் ஜாவாவின் பிரச்சினையை அப்படியே பிடித்துவிட்டீர்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுக்காதீர்கள், லினக்ஸில் அது சாக்கெட் வழியாகப் போய் ஜெயித்துவிடும். உங்கள் கமாண்ட் லைன் ‘வேலை செய்வதும்’ அதனால்தான்.

வரப்பு:
யூஆர்எல்லில் அந்த ஃபால்ஸ் இருந்தது. எடுத்தபின் ஃப்ளஷ் செய்து பார்த்தோம், ஜாவா வருது. பிஎச்பியை 7.2.34க்கு ஏற்றி, நேட்டிவ் யூசரோடு பில்லிங்கும் ஓடுது. ஜாவா டிஎல்எஸ்ஸில்தான் வருதா என்று எங்கே பார்ப்பது?

கூட்டுவட்டி:
பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமாவில் த்ரெட்ஸ் டேபிள், கனெக்‌ஷன்_டைப் காலம். எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று இருக்க வேண்டும், டிசிபி/ஐபி என்றால் வெறும் கனெக்‌ஷன். ரிக்வயர்டு மறையாக்கம் மட்டும் செய்யும், சர்வர் சான்றிதழைச் சரிபார்க்காது. அதுவும் வேண்டுமென்றால் டேட்டா டைரக்டரியில் இருக்கும் சிஏ சான்றிதழை (சர்வர் சான்றிதழுக்குக் கையெழுத்திட்டது) ஜாவா ட்ரஸ்ட்ஸ்டோரில் (நம்பும் சான்றிதழ்களின் கோப்பு) ஏற்றி, எஸ்எஸ்எல்மோடை வெரிஃபை_சிஏவுக்கு மாற்றுங்கள்.