கருப்பு கார், கதவில் சாவிக் கோடு: கிரைண்டரில் பேட் மாட்டித் தேய்க்கலாமா?

மேடவாக்கம்_ஐ20:
வணக்கம் நண்பர்களே. போன மாதம் செகண்ட் ஹேண்டில் 2016 ஐ20 ஒன்று எடுத்தேன், கருப்பு நிறம். ராத்திரி தெருவிளக்கில் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது, மறுநாள் காலை வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை. வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், கழுவினாலும் போகவில்லை. போதாக்குறைக்கு டிரைவர் கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு யாரோ சாவியால் இழுத்த கோடு, பின் பம்பர் மூலையில் தூணில் உரசிய வெள்ளைத் தடம்.

மச்சான் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. கம்பளி பேட் வாங்கி மாட்டி, கம்பவுண்ட் (பெயிண்டைச் சீவி எடுக்கும் பசை) தடவி ஒரு ஓட்டு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறார். என் மெஷின் அனுபவம் சுவரில் டிரில் போட்டதோடு சரி. கிரைண்டர் போதுமா, தனியாகப் பாலிஷர் வாங்கணுமா? சாவிக் கோடு போகுமா போகாதா?

பம்பர்_எரித்தவன்:
கிரைண்டரை முதலில் மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் பேசலாம். 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும், பெரும்பாலானதில் வேகத்தைக் குறைக்கவே வழி கிடையாது. பாலிஷிங்குக்கென்றே வரும் ரோட்டரி மெஷின் 600-இல் ஆரம்பித்து 3,000 வரைதான் போகும், அதிலும் தெரிந்தவர்கள் பாதி வேகத்தைத் தாண்ட மாட்டார்கள். இரண்டுக்கும் மரை அளவுகூட வேறு, கிரைண்டரில் எம்10, பாலிஷரில் எம்14. இணைக்க அடாப்டர் கிடைக்கும், அதை நம்பித்தான் நிறைய பேர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

என் கதை: கிரைண்டர்கூட இல்லை, நண்பரிடம் கடன் வாங்கிய நல்ல ரோட்டரி. கதவு, பானெட் எல்லாம் அழகாக வந்தது, மனசுக்குள் பெரிய ஆள் ஆகிவிட்டேன். கடைசியில் பம்பரின் மடிப்பு விளிம்பில் ஐந்து செகண்ட் அதிகமாக நின்றுவிட்டது கை. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை, பேட் முழுக்க என் வண்டியின் சிவப்பு, எடுத்துப் பார்த்தால் அடியில் சாம்பல் நிற பிரைமர். தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பர் பரப்பாது, சூடு அந்த ஒரே இடத்தில் ஏறும். விளிம்பில் பெயிண்ட் வேறு மெலிசாகத்தான் நிற்கும். முழு பம்பருக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

பழைய_பட்டறை:
தம்பி, மெஷினை அப்புறம் பார்க்கலாம், முதலில் எதைத் தேய்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி பெயிண்டில் தகட்டுக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100 முதல் 140 மைக்ரான், அதில் கிளியர் கோட் 40, 50 இருந்தால் அதிகம். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்டால் கீறல் அடைபடுகிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அடைபடுவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள இடத்தைச் சீவி எடுக்கிறோம், அவ்வளவுதான். தேங்காய் துருவுவது மாதிரி, வெள்ளை இருக்கும்வரை துருவலாம், பழுப்பு வந்துவிட்டால் கை நிற்க வேண்டும். வண்டியில் அந்தப் பழுப்பு வரும்போது திருத்த வழியில்லை. உங்கள் பேடில் கருப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள். (கிளியர் கோட் இல்லாத பழைய வண்டிகளில் நிறம் ஏறுவது சகஜம், அது வேறு கதை.)

சாவிக் கோட்டில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்தால் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. அப்புறம் விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அதை முழுசாக எடுக்க ஆசைப்படாதீர்கள், அந்த ஆழத்துக்குச் சீவினால் மிச்சமிருக்கும் கிளியர் கோட் இரண்டு மூன்று வருஷ வெயிலுக்கே தோல் உரிகிற மாதிரி உரிந்துவிடும். கோட்டின் ஓரங்கள் மழுங்கும்வரை பாலிஷ் போட்டால் வெளிச்சம் பட்டுத் தெறிப்பது குறையும், நாலடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் நிறமே போய்விட்டது, டச் அப் பெயிண்ட்தான் வழி. வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ தகட்டிலோ கலர் குறியீட்டு எண் இருக்கும், அதைக் காட்டி வாங்குங்கள், கருப்பிலேயே பல கருப்பு உண்டு. பல்குச்சி நுனியில் தொட்டு, மெல்ல மெல்ல, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் இன்னொன்று. பெயிண்ட் கனம் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அங்கே மறு பெயிண்ட், மேலும் ஏறினால் அடியில் பட்டி. கம்பெனி பெயிண்டில் 80-க்குக் கீழே காட்டினால் ஏற்கெனவே யாரோ நன்றாகத் தேய்த்துவிட்டார்கள், அந்த இடத்தில் கையை வைக்காதீர்கள். பம்பரில் அந்தக் கருவி வேலை செய்யாது, பிளாஸ்டிக். அந்த வெள்ளைத் தடம் பெரும்பாலும் தூணின் பெயிண்ட் ஒட்டியதாக இருக்கும், துணியில் கொஞ்சம் கம்பவுண்ட் எடுத்துக் கையாலேயே தேய்த்துப் பாருங்கள். தின்னர் மட்டும் வேண்டாம்.

ஞாயிறு_பாலிஷ்:
புதிதாகக் கற்பவருக்கு டிஏ (டூயல் ஆக்ஷன்) பாலிஷ் மெஷின்தான். பேட் சுற்றிக்கொண்டே பக்கவாட்டிலும் ஆடும், அதனால் சூடு ஒரே இடத்தில் சேராது. அழுத்தினால் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். இதைக் கண்டுபிடிக்க பேட் ஒட்டியிருக்கும் தட்டின் (பேக்கிங் பிளேட்) ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள், கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியவேண்டும். கையின் எடை போதும்.

காரைக் கழுவி, க்ளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) போட்டு, விளிம்பு, ரப்பர், கருப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். க்ளே போடும்போது தண்ணீர் தாராளமாக இருக்கட்டும், கீழே விழுந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காது, இருந்தாலும் போடுங்கள். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடம் ஒன்றில் மட்டும் சோதனை. மென்மையான ஃபோம் பேட், பாலிஷ், அதில் சரியாகவில்லை என்றால்தான் கடினமான பேட், கம்பவுண்ட். எடுத்த எடுப்பிலேயே கம்பவுண்டுக்குப் போகாதீர்கள். பேடில் கொண்டைக்கடலை அளவு நாலு சொட்டு, குறைந்த வேகத்தில் பரப்பி, அப்புறம் மெஷின் வேகத்தை 4 அல்லது 5-இல் வைத்து நெடுக்காகவும் குறுக்காகவும் நாலு தடவை, செகண்டுக்கு ஓர் இன்ச் நகர்ந்தால் சரி. துடைத்த பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். இதை விட்டால் பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துவிடும், நீங்களும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவீர்கள், நாலு கழுவலில் எல்லாம் திரும்பி வரும்.

வெயிலில் வேண்டவே வேண்டாம். சென்னையில் என்றால் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். ஒரே பேடை வைத்து முழுக் காரையும் ஒப்பேற்ற முடியாது, நாலைந்து வேண்டும்.

ஓட்டினா_போதும்:
எல்லாம் சரி, அந்தச் சிலந்தி வலை எப்படி வந்தது என்று யாருமே கேட்கவில்லையே? தினமும் காலையில் தூசியோடு காய்ந்த துணியால் துடைக்கிறார்கள் இல்லையா, அதுதான். அதை நிறுத்தாமல் பாலிஷ் போட்டால் ஆறு மாதத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள். என்னைக் கேட்டால் வண்டியை ஓட்டுங்கள், கோடு கிடக்கட்டும்.

மேடவாக்கம்_ஐ20:
மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகப் பட்டறை அண்ணனுக்கு. அளந்து பார்த்ததில் இடது பின் கதவு 280, விற்றவர் வாய் திறக்கவே இல்லை. மற்ற இடங்கள் 105, 115. டிஏ மெஷின் வாங்கினேன், பானெட்டுக்கு மட்டும் இரண்டு காலை போனது. மென்மையான பேடிலேயே வலை பெரும்பாலும் போய்விட்டது, போர் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் சில மட்டும் உள்ளே தின்றுவிட்டன போல, விட்டுவிட்டேன். பம்பர் தடம் கையாலேயே வந்துவிட்டது, இதற்கா இவ்வளவு கவலைப்பட்டோம் என்றிருந்தது. சாவிக் கோட்டில் நகம் மாட்டியது. ஓரத்தை மழுக்கியதோடு நிறுத்திக்கொண்டேன், இன்னும் ஒரே ஒரு தடவை என்று கை போனது உண்மை.

காய்ந்த துணி விஷயமும் சரிதான். எங்கள் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் அண்ணன் ஒரே வாளித் தண்ணீரில் பன்னிரண்டு காரைத் துடைக்கிறார். என் வண்டியைத் தொட வேண்டாம், மாதக் காசு வழக்கம்போல வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சும்மா எப்படி சார் வாங்குவது என்று நேற்றும் துடைத்து வைத்திருக்கிறார். இதற்கு ஏதாவது வழி உண்டா?

பழைய_பட்டறை:
கவர் போட்டு மூடிவிடலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள் தம்பி, தூசி மேல் கவர் உரசினால் அதுவும் துணிதான். நல்ல மைக்ரோஃபைபர் இரண்டும் தனி வாளி ஒன்றும் வாங்கிக் கொடுத்து, வாரம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். டயரில் ஆரம்பிக்காமல் கூரையிலிருந்து கீழே வரச் சொல்லுங்கள்.