கள்ளும் கஞ்சாவும் ஒன்றா? நேற்றைய பேச்சின் தொடர்ச்சி

பனைவிளை:
நேற்று தோவாளை டீச்சர் இங்கே எழுதியதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை. "கள்ளைத் திறந்துவிட்டால் அடுத்து கஞ்சாவையும் திறக்கச் சொல்வார்கள், எல்லாம் போதைதான்" என்கிறார். என் அப்பா கருங்கல் பக்கம் நாற்பது வருடம் பனையேறியவர். மரம் உரசி உரசி அவர் நெஞ்சுத் தோல் கறுத்துத் தடித்துப் போயிருக்கும். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுவார். ஒரே பனை, ஒரே பாளை, ஒரே கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவினால் அக்கானி, காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்புக்காக ஒருநாள் அவரை ஸ்டேஷனில் ராத்திரி வரை உட்கார வைத்தார்கள். கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. பிராந்தியை 2003ல் இருந்து டாஸ்மாக் கடை வைத்து அரசே விற்கிறது. இதில் கஞ்சா எங்கே வந்தது டீச்சர்?

தோவாளை டீச்சர்:
அண்ணே, உங்கள் அப்பாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டது ஒன்றுதான். சுண்ணாம்பு தடவாவிட்டால் புளிக்குமா, புளிக்காதா? புளித்தால் போதை ஏறுமா, ஏறாதா? என் தம்பி முதலில் பீர்தான் குடித்தான். அப்புறம் கல்லூரிக்குப் பக்கத்தில் பொட்டலம் கிடைத்தது, வெற்றிலை மடிப்பு அளவுகூட இருக்காது. அவன் சட்டைப் பையைத் துவைக்கப் போட்டபோது என் கையில்தான் அது உதிர்ந்தது. ஆகவே எதையும் திறக்கக் கூடாது. டாஸ்மாக்கையும் சேர்த்து மூட வேண்டும்.

மார்த்தாண்டம் மேகம்:
மூடி என்ன கண்டோம்? உருகுவே 2013ல் கஞ்சாவை அனுமதித்துச் சட்டம் போட்டது, கனடா 2018ல், ஜெர்மனி 2024ல். நம் நாட்டிலேயே உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்க உரிமம் வாங்கிய கடைகள் இருக்கின்றன. 1985 போதைப்பொருள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். செடியின் பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. இலை தனியாக இருந்தால் அந்தச் சட்டப்படி அது கஞ்சாவே இல்லை. பனைவிளை அண்ணன் சுண்ணாம்புக்குச் சொல்கிற நியாயம் இதற்கும் பொருந்தும்.

பனைவிளை:
எடே மக்கா, என் கலயத்துக்குள் உன் இலையைப் போடாதே. நான் பேசுவது பனையேறி பிழைப்பு. நீ பேசுவது பெங்களூரில் கற்றுக்கொண்ட பழக்கம். டீச்சர், விடியுமுன் இறக்கிய கள்ளை நீங்கள் வாயில் வைத்ததுண்டா? இளநீர் மாதிரி இனிக்கும்.

தோவாளை டீச்சர்:
இனிக்கட்டும். புளிக்குமா, புளிக்காதா?

மார்த்தாண்டம் மேகம்:
என் பழக்கத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை? நான் தொட்டதே கிடையாது. சட்டத்தைப் படித்துவிட்டுப் பேசினால் பழக்கமா?

அகஸ்தீஸ்வரம் 67:
சண்டைக்கு நடுவே ஒன்று. பதநீர் என்று எழுதினால் தமிழ்நாடு முழுக்கப் புரியும். அக்கானி அக்கானி என்று எழுதினால் வெளியூர்க்காரர்களுக்கு எப்படி விளங்கும்?

பனைவிளை:
விளங்காதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பிறந்ததில் இருந்து அந்த வாசனையில் வளர்ந்தவன் நான், அதன் பெயரை மாற்ற மாட்டேன். போன மாசம் கருப்பட்டியில் சீனி கலக்கும் பேச்சு வந்தபோது, எங்கள் விளவங்கோடு தாலுகா பக்கம்தான் கலப்பு அதிகம் என்று எழுதினீர்களே, அதை நான் மறக்கவில்லை. முதலில் அதற்குப் பதில் சொல்லும் ஓய். டீச்சர், களியக்காவிளை தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. அங்கே கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்துக் கள்ளு விற்கிறான், உரிமத்தோடு. 1956 நவம்பர் 1 வரை நாமும் அவனும் ஒரே ராஜ்யம். எல்லைக்கோடு நடுவே விழுந்ததும் அவன் கள் இறக்கினால் தொழில், என் அப்பா இறக்கினால் குற்றமா?

தோவாளை டீச்சர்:
அதே கேரளத்தில் தென்னங்கள்ளில் ஆல்கஹால் 8.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்களே, எதற்கு? இளநீருக்கு யாராவது வரம்பு வைப்பார்களா? அங்கே கள்ளில் கலப்படமும் பிடிபட்டிருக்கிறது. அரசமைப்பின் 47வது பிரிவே போதை தரும் பானத்தையும் உடலைக் கெடுக்கும் போதைப்பொருளையும் ஒரே மூச்சில்தான் தடுக்கச் சொல்கிறது.

பனைவிளை:
47வது பிரிவு டாஸ்மாக் கடை வாசலில் வேலை செய்யாதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அது மெத்தனால் கலந்த சாராயம். பனையில் இருந்து மெத்தனால் வடியாது. சுண்ணாம்பு தடவாத ஒரே காரணத்துக்காக ஒரு தொழிலையே குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் இப்போது மரமேறக் காலில் மாட்டும் தளைநார் கட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அப்பாவின் பாளை அரிவாள் விறகுப் புரையில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

மார்த்தாண்டம் மேகம்:
கஞ்சா ஒரு கிலோ வரைக்கும் சிறிய அளவு என்று அதே சட்டம் சொல்கிறது. அதற்கும் ஒரு வருடம் வரை சிறை. கூலிக்குப் பொட்டலம் சுமந்த பையன்தான் மாட்டுகிறான், அனுப்பியவன் மாட்டுவதில்லை. இதை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்.

தோவாளை டீச்சர்:
தம்பி, அந்தப் பையனின் அம்மாவைக் கேளுங்கள், கடை திறக்கவா மூடவா என்று.

அகஸ்தீஸ்வரம் 67:
சீனி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. சந்தையில் வாங்கி உடைத்துப் பாருங்கள், தெரியும்.

பனைவிளை:
உம்முடைய தாலுகாவில் உடைத்துப் பாரும். டீச்சர், கடைசியாகச் சொல்கிறேன். கள் என்பது உணவு. என் பாட்டி ஆப்பமாவு பொங்கக் கள்தான் ஊற்றுவாள்.

தோவாளை டீச்சர்:
மாவு எதனால் பொங்குகிறது அண்ணே? அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பனைவிளை:
சுண்ணாம்பு தடவினால் பொங்காது. அதைத்தானே முதலில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.