டெலிகிராமில் காட்டும் டிரேடிங் லாபம் நிஜமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சிப்புட் மல்லிகா:
சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன், இப்போது ஈப்போவில் இருக்கிறான், டெலிகிராமில் தங்க டிரேடிங் சேனல் நடத்துகிறான். தினமும் மெட்டாட்ரேடர் என்ற டிரேடிங் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் போடுகிறான். எல்லாம் லாபத்தைக் காட்டும் நீல எண்கள், நஷ்டம் என்று பேருக்கு ஒரு சிவப்புகூட இல்லை. 5,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் அவனே டிரேட் செய்து மாசாமாசம் பங்கு தருவானாம். அப்பா, “நம்ம கங்காணி வீட்டுப் பிள்ளை, ஏமாத்த மாட்டான்” என்று ஓய்வுக்காலச் சேமிப்பான ஈபிஎஃப் பணத்தை எடுக்கத் தயாராகிவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிராணி வேலை, டிரேடிங் தெரியாது. அந்தப் படங்களைச் சரிபார்க்க வழி உண்டா? “வேண்டாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை நானே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஆலைக்காரன்:
தங்கச்சி, நான் செம்பனை ஆலையில் பகல் ஷிஃப்ட் முடித்து, ராத்திரி நியூயார்க் சந்தை நேரத்தில் சின்னதாகத் தங்கம் டிரேட் செய்கிறவன். படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிஜப் பணம் இல்லாமல் பழகிப் பார்க்கும் டெமோ கணக்கில் யாரும் லட்சம் டாலர் போட்டு விளையாடலாம், லாபம் இதே நீலத்தில்தான் வரும்.

மெட்டாட்ரேடரில் இன்வெஸ்டர் பாஸ்வேர்டு என்று ஒன்று உண்டு. அதில் கணக்கைப் பார்க்க மட்டும்தான் முடியும். டிரேட் போடவோ மூடவோ முடியாது. கொடுப்பதால் அவனுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. கேளுங்கள். கொடுத்தால் முதலில் பேலன்ஸையும் (மூடிய டிரேட் வரை உள்ள பணம்) ஈக்விட்டியையும் (திறந்திருக்கும் டிரேடின் லாப நஷ்டமும் சேர்ந்த பணம்) பாருங்கள், ஹிஸ்டரி அப்புறம். ஹிஸ்டரியில் மூடிய டிரேட் மட்டுமே வரும். ஜெயித்ததை உடனே மூடி, தோற்றதை மூடாமல் தொங்கவிட்டால் அது முழுக்க நீலமாகத்தானே இருக்கும்? பேலன்ஸ் 10,000, ஈக்விட்டி 3,000 என்றால் 7,000 நஷ்டம் திறந்தபடி கிடக்கிறது என்று அர்த்தம். மாதக் கணக்கில் லாபம் காட்டியும் பணத்தை வெளியே எடுத்ததாக ஹிஸ்டரியில் ஒரு வரிகூட இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

சேனல் பப்ளிக் என்றால் ஒவ்வொரு பதிவின் லிங்கையும் காப்பி செய்யுங்கள். கடைசியில் ஓர் எண் இருக்கும், வரிசையாக ஏறும். பதிவை அழித்தால் அந்த எண் திரும்ப வராது, அதனால் எண் பெரிதாகத் தாவினால் பதிவுகளை அழித்திருக்கலாம். ஒரே பதிவில் நாலு படம் போட்டாலும் நாலு எண் போகும், அதனால் சின்ன இடைவெளியைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் அவன் கணக்கு வைத்திருக்கும் நிறுவனம், அதாவது புரோக்கர், யார் என்று பார்க்க வேண்டும். டுபாக்கூர் புரோக்கர் சொந்த சர்வரில் இஷ்டத்துக்கு எண் காட்டலாம். தராசும் அவனுடையது, ரப்பர் பால் எடை எழுதும் நோட்டும் அவனுடையது.

ரவாங் மணியம்:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் அவ்வளவு தூரம் போகவே மாட்டேன். அடுத்தவர் பணத்தை வாங்கி முதலீடு செய்து கொடுப்பதைத் தொழிலாக நடத்த, 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி, அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் லைசென்ஸ் வேண்டும். அவர்கள் தளத்தில் லைசென்ஸ் உள்ளவர்களைத் தேடலாம். எச்சரிக்கைப் பட்டியல் தனியாக இருக்கிறது, மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் ஒன்று வைத்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கைப் பட்டியலில் பேர் இல்லை என்பதால் நல்லவன் ஆகிவிட மாட்டான். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணை மோசடிப் புகார் வந்த கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். யாராவது ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள்.

சிப்புட் மல்லிகா:
பாஸ்வேர்டு கேட்டேன். “செக்யூரிட்டி ரிஸ்க் அக்கா” என்றான். லைசென்ஸ் பற்றிக் கேட்டதற்கு ஒரு ஸ்மைலி, அவ்வளவுதான். லிங்க் பார்த்தேன், 412க்கு அடுத்த பதிவு 431, அதில் ஒரே ஒரு படம். இன்னொரு படத்தில் தங்க டிரேட் மூடிய நேரம் சனிக்கிழமை 14:20 என்று இருக்கிறது. அப்படி இருக்குமா?

ஆலைக்காரன்:
சனிக்கிழமை விடியற்காலை மூடும் தங்கச் சந்தை நமக்குத் திங்கள் காலைதான் திறக்கும். படத்தில் வருவது புரோக்கர் சர்வர் நேரம், பெரும்பாலும் நம் நேரத்துக்கு ஐந்தாறு மணி பின்னால் ஓடும். அதைக் கூட்டினாலும் சனி ராத்திரிதான் வருகிறது. எந்தச் சந்தையில் விற்றான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்! ஆனால் அதை இப்போதைக்குக் கேட்காதீர்கள், படத்தை அழித்துவிடுவான். உங்கள் போனில் சேமித்து, அப்பா ஈபிஎஃப் பாரம் நிரப்புவதற்குள் காட்டுங்கள். கங்காணி வீட்டுக்கும் ஒரு காப்பி போகட்டும்.