புதுப்பிப்பு: டோயிங் பில் ஒருவழியாகப் பிரித்து வந்துவிட்டது

பிரேக்டவுன் ஆன எங்கள் லாரியை இழுத்துப் போனவர்கள், 'சேவைக் கட்டணம்' என்று ஒரே வரியில் பெருந்தொகை போட்டு, கட்டினால்தான் வண்டி என்று யார்டில் நிறுத்தி வைத்ததை முன்பு எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

எழுத்தில் விவரம் கேட்டதும் இழுத்தடித்தார்கள். விடாமல் கேட்டதில் பில் வந்தது. புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கழற்றிய கூலி இருந்தது, அது நியாயம். கழற்றாமல் இழுத்தால் கியர்பாக்ஸில் ஆயில் சுற்றாமல் பேரிங் போய்விடும். பிரேக்குக்குக் காற்று ஏற்றியதும் சரி, காற்று இறங்கினால் பார்க்கிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

உறுத்தியது 'மீட்புப் பணி, வின்ச்' என்ற வரி. வின்ச் என்பது பள்ளத்தில் சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் சுற்றி இழுக்கும் கருவி. வண்டி பள்ளத்தில் விழவே இல்லை. எல்லாச் சக்கரமும் தார் ரோட்டு ஓரத்தில் நிற்பது, கொக்கி மாட்டும் முன் டிரைவர் எடுத்த போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது. அனுப்பினோம், அந்த வரியை எடுத்துவிட்டார்கள். டிரைவருக்குத்தான் நன்றி சொல்லணும்.

இழுவை வண்டி யார்டிலிருந்து கிளம்பித் திரும்பும்வரை மணிக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம், அதே ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று இன்னொரு கட்டணம். இதற்கு ரேட் கார்டு கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

பணத்தை ஆட்சேபத்துடன் கட்டி வண்டியை எடுத்தாச்சு, சரக்கும் போய்ச் சேர்ந்தது. பில் தர அவர்கள் தாமதித்த நாட்களுக்கும் யார்டில் வண்டி நின்றதற்கு எங்களிடமே கட்டணம் வாங்கியதை ஏற்க முடியாது. அதைத் திரும்பக் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.