ஸ்டால்: ‘நிறுத்தம்’ வேண்டாம், ‘துவளல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விபத்து அறிக்கைகளிலிருந்து விமானிகளுக்கான பாடங்களைத் தமிழில் எழுதும்போது, ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நிற்கும் சொல் ‘ஸ்டால்’ (stall). ‘நிறுத்தம்’, ‘நின்றுபோதல்’ என்று எழுதினால் இன்ஜின் அணைந்துவிட்டதாகவே படிப்பவர் நினைக்கிறார். காரில் அந்தப் பொருள்தான். விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து சுழலத் தொடங்கும், தூக்குவிசை சரிந்துவிடும். சிறிய பயிற்சி விமானங்களில் அந்த எல்லை ஏறக்குறைய 15 முதல் 18 பாகை. இன்ஜின் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும்.

சொல் தவறினால் கையும் தவறும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் ஏர் 3407 பயணிகள் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்துகொண்டே போனதை இரு விமானிகளும் கவனிக்கவில்லை. விமானி கையிலுள்ள கட்டுப்பாட்டுப் பிடியை உலுக்கி எச்சரிக்கும் கருவி இயங்கியபோது இறக்கை இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பிடியை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்தியிருந்தால் போதும். தலைமை விமானி பின்னால் இழுத்தார். அந்த இழுப்பில்தான் ஸ்டால் வந்தது. 50 பேர் இறந்தனர்.

என் முன்மொழிவு: துவளல். வினையாகவும் நிற்கும்: இறக்கை துவள்கிறது, துவண்டது. துவள்வேகம், துவள் எச்சரிக்கை, துவளல் மீட்பு என்று கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன.

—

மறுமொழி:

‘நிறுத்தம்’ வேண்டாம் என்பதில் முழு உடன்பாடு. ‘துவளல்’ பற்றி இரண்டு ஐயங்கள்.

முதலாவது, கொடி துவளும், தண்டு துவளும். அங்கெல்லாம் பொருள் உருவம் மாறி வளைகிறது. பெரிய விமானங்களின் இறக்கைகள் பறக்கும்போது உண்மையிலேயே மேல்நோக்கி வளைகின்றன. அதைக் கண்ட மாணவர் ‘இறக்கை துவள்கிறது’ என்று சொல்லிவிட்டால்? ‘தூக்குவிசை இழப்பு’ என்றால் இந்தக் குழப்பம் இராது.

இரண்டாவது, ‘துவள்வேகம்’ என்ற கிளைச்சொல்லே ஆபத்தானது. அந்த வேகத்துக்கு மேல் இருந்தால் பத்திரம் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. நேராகப் பறக்கையில் 50 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் துவளும் விமானம், உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் 71 நாட்டிலேயே துவண்டுவிடும். எடை இரட்டிப்பானதுபோல் ஆகிவிடுவதால் இறக்கை அதிகக் கோணத்தில் காற்றைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. 45 பாகையில் சுமார் 59 நாட்.

ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசித் திருப்பத்தில் சிறிய விமானங்கள் விழுவது இப்படித்தான். திருப்பம் பிந்திவிடும், ஓடுபாதையின் கோடு தாண்டிப் போகும். மேலும் சாய்க்கத் தயங்கும் விமானி, வால் சுக்கானை மிதித்து மூக்கை உள்ளே இழுப்பார். மூக்கு தாழும், பிடியைப் பின்னால் இழுப்பார். உள்பக்க இறக்கை முதலில் துவண்டு விமானம் புரண்டு சுழலத் தொடங்கும். தரைக்கு மேல் சில நூறு அடிதான் இருக்கும், மீள இடமில்லை. கோடு தாண்டிவிட்டால் சாய்வைக் கூட்டாமல், அந்த இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி சுற்றி வருவதே பழக்கமாக வேண்டும்.

ஆகவே எந்தச் சொல்லை எடுத்தாலும், விளக்கத்தில் கோணம்தான் முதலில் வர வேண்டும். வேகம் அதற்குப் பிறகுதான்.

—

மறுமொழி:

‘தூக்குவிசை இழப்பு’ எனக்கு உவப்பில்லை. துவண்ட இறக்கையில் தூக்குவிசை முழுதும் போய்விடுவதில்லை, குறைகிறது. தவிர, அதை வினையாக்கிப் பாருங்கள்: ‘விமானம் தூக்குவிசையை இழந்துகொண்டிருக்கிறது’. ஆபத்து நேரத்தில் இவ்வளவு நீளமாக யார் சொல்வார்கள்? இறக்கை வளைவதற்கு ‘வளைவு’ என்ற சொல் இருக்கவே இருக்கிறது. துவளல் வலுக்குன்றிப்போவதையும் குறிக்கும். பசியில் துவண்டவர் உடைந்துபோகவில்லை. உணவு கிடைத்ததும் நிமிர்ந்துவிடுவார். கோணத்தைக் குறைத்ததும் இறக்கையும் அப்படித்தான் மீள்கிறது.

இன்னொரு வசதி. ஜெட் இன்ஜினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரிலும் ஸ்டால் உண்டு. அதன் தகடுகள் ஒவ்வொன்றும் குட்டி இறக்கை; காற்று தவறான கோணத்தில் வந்தால் அவையும் துவளும். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

கோணம் பற்றிச் சொன்னதை இன்னும் ஒருபடி கொண்டுபோகலாம். காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணத்துக்கு வழங்கும் ‘தாக்குகோணம்’ என்பதைப் பலர் விமானத்தின் மூக்கு தொடுவானத்துக்கு மேல் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று புரிந்துகொள்கிறார்கள். இரண்டும் வேறு. மூக்குக்கோணம், காற்றுக்கோணம் என்று பிரித்துவிட்டால் என்ன?

ஏர் பிரான்ஸ் 447 விமான விபத்தை விளக்க இந்த இரண்டு சொல்லும் கட்டாயம் தேவை. 2009 ஜூன் 1, அட்லாண்டிக் கடல்மேல். வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களில் பனித்துகள்கள் அடைத்து வேக அளவு தப்பிப்போக, தானோட்டி (ஆட்டோபைலட்) விலகிக்கொண்டது. ஓட்டிய விமானி மூக்கைத் தூக்கினார். விமானம் சுமார் 38,000 அடிக்கு ஏறித் துவண்டது. துவள் எச்சரிக்கை 54 நொடி இடைவிடாமல் ஒலித்தது. கடலில் மோதும்போது மூக்கு ஏறக்குறைய 16 பாகை மேல்நோக்கி இருந்தது. ஆனால் விமானமோ நிமிடத்துக்கு 10,000 அடிக்கும் மேலான வேகத்தில் கீழே போய்க்கொண்டிருந்தது. காற்று கீழிருந்து வயிற்றில் மோதியதால், வீழ்ச்சியின் பெரும்பகுதியில் காற்றுக்கோணம் 35 பாகைக்கும் மேல். இன்ஜின்கள் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 228 பேரும் மாண்டனர்.

அதில் இன்னொரு கொடுமை. அளந்த வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால் காற்றுக்கோண அளவை நம்பமுடியாது என்று கணினி ஒதுக்கிவிடும், எச்சரிக்கையும் அடங்கிவிடும். மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் வேகம் கூடி எச்சரிக்கை மறுபடி ஒலிக்கும். சரியானதைச் செய்தபோது அலறல், தவறானதைச் செய்தபோது அமைதி. எச்சரிக்கை அடங்கினால் மீண்டுவிட்டோம் என்று கொள்ளாமல், உயரமானி இறங்குகிறதா என்று பார்க்கும் பழக்கம் அதனால்தான் வேண்டும்.

—

மறுமொழி:

முதல் மறுமொழியில் வால் சுக்கான் விளக்கம் எழுதியவன்தான். வலுக்குன்றும் பொருளை நான் எண்ணிப் பார்க்கவில்லை, துவளலுக்குச் சம்மதம். காற்றுக்கோணம் மிக நன்று, தாக்குகோணத்தை விட்டுவிடலாம்.

நம் சொற்பட்டியலின் ‘துவளல் மீட்பு’ பதிவில் வரிசை மாறாமல் இருக்க வேண்டும். தானோட்டியை விலக்கு. துவளல் அறிகுறிகள் எல்லாம் நீங்கும்வரை பிடியை முன்னே தள்ளிக் காற்றுக்கோணத்தைக் குறை. பிறகு இறக்கைகளைச் சமன்செய். தேவைக்கேற்ப உந்துவிசை கூட்டு, இறக்கைமேல் விரிந்த வேகத்தடுப்புகளை மடக்கு. வேகம் வந்தபின் மெதுவாக மூக்கைத் தூக்கு. பழைய பயிற்சியில் உயரத்தை இழக்காமல் மீள்வதே திறமை என்று கற்பித்ததால் முழு உந்துவிசை முதலில் வந்தது. இறக்கைக்குக் கீழே இன்ஜின் உள்ள விமானங்களில் உந்துவிசை மூக்கைத் தூக்கிவிடும். துவளல் இன்னும் ஆழமாகும்.

பிடியை உலுக்கும் கருவிக்குப் ‘பிடியுலுக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதையடுத்துப் பிடியைத் தானே முன்னே தள்ளும் கருவிக்குப் ‘பிடிதள்ளி’. கோல்கன் விபத்தில் அந்தப் பிடிதள்ளியையும் எதிர்த்து விமானி இழுத்தார் என்பதால், இரண்டும் அடுத்தடுத்த பதிவுகளாகவே இருக்கட்டும். இவற்றைவிடச் சிறியதாகக் கிடைத்தால் இதே இழையில் எழுதுங்கள்.