ஜெபிக்க மாட்டேன்னு சொன்ன கிறிஸ்தவ மனநல கவுன்சிலர்: சரியா, தப்பா?

பாளை_தங்கச்சி:
எங்க அக்காவுக்கு ஓசிடி, வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தையே செய்ய வைக்கிற மனநோய். கை கழுவுற வகை இல்ல, ஜெபம் பண்ற வகை. பைபிள்ல மாற்கு 3:29-ல, பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறது மன்னிப்பே இல்லாத பாவம்னு வருதுல்லா, அதைத் தான் செஞ்சிட்டதா ஒரு நினைப்பு. ராத்திரி பத்து மணிக்கு முழங்கால் போட்டா எந்திரிக்க ரெண்டு ஆயிரும். ஒரு வார்த்தை இடறினா மறுபடி முதல்ல இருந்து. முட்டி ரெண்டும் கறுத்துக் காய்ச்சுப்போய்க் கெடக்கு.

பாளையங்கோட்டையில ஒரு கவுன்சிலர் அம்மாகிட்ட போறோம். கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில் படிச்சவங்க. சர்ச்சுக்குப் போறவங்க, மேசையில பைபிள் இருக்கும். அதனாலதான் எங்கம்மாவே சம்மதிச்சாங்க. மூணாவது தடவை அக்கா, "மன்னிப்பு கிடைச்சிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லி ஜெபம் பண்ணுங்க"ன்னு அழுதா. "பண்ண மாட்டேன்"னுட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே சத்தம்: "ஜெபிக்க மாட்டேங்கிறவ என்னத்த கிறிஸ்தவ கவுன்சிலர்?" நீங்க என்ன சொல்றீங்க?

சாயர்புரம்_தாத்தா:
உங்கம்மா சொன்னதுதான் சரி. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்"னு பவுல் எழுதி வச்சிருக்காரு. அதுக்கு அளவு போட இவங்க யாரு? மாத்திரை சாப்பிடட்டும், வேண்டாங்கல, லூக்காவே வைத்தியன்தான். ஜெபத்தைத் தடுக்கிறது வேற. உங்க சர்ச் ஐயர்கிட்ட, அதான் போதகர்கிட்ட, கூட்டிட்டுப் போம்மா.

கொக்கிரகுளம்_நாத்திகன்:
மேசையில பைபிள் எதுக்குன்னுதான் நான் கேக்கேன். நாளைக்கு மேலப்பாளையத்து முஸ்லிம் பையன் ஒருத்தன் அதே நாற்காலியில வந்து உக்காந்தா மனசு விட்டுப் பேசுவானா? 2001-ல ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடி தர்கா ஊர்ல, சங்கிலியில கட்டிப்போட்டிருந்த மனநோயாளிக 28 பேர் எரிஞ்சு செத்தாங்களே, அதுக்குப் பெறகும் சாமியையும் மனநோயையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பணுமா?

வார்டு_சிஸ்டர்:
ஏர்வாடிய ஏன் இங்க இழுக்கீங்க அண்ணாச்சி? அங்க இருந்தது சங்கிலி, இங்க நடக்கிறது வைத்தியம். ஆனா மேலப்பாளையத்துப் பையனைப் பத்திச் சொன்னீங்க பாருங்க, அது நியாயம். பைபிள் மேசை டிராயருக்குள்ள இருக்கலாம். வர்றவங்க கேட்டா எடுத்தாப் போதும்.

தாத்தா, உங்களுக்கு ஒண்ணு. ஓசிடியில பயம் வரும், பயத்தை அமத்த ஒரு காரியம் செய்வாங்க, அஞ்சு நிமிஷம் நிம்மதி, திரும்பப் பயம். இந்தப் பிள்ளைக்கு அந்தக் காரியம் ஜெபம். "மன்னிப்பு கிடைச்சிட்டு"ன்னு கவுன்சிலர் சொல்லியிருந்தா பிள்ளை சிரிச்சிட்டே வீட்டுக்குப் போயிருக்கும், ராத்திரி அதே பத்து மணிக்கு முட்டி போட்டிருக்கும். பயத்தை வரவிட்டு, அந்தக் காரியத்தைச் செய்யாம இருந்து பழகுறதுதான் சிகிச்சை. 1966-ல விக்டர் மேயர் லண்டன்ல இந்த முறையைப் பத்தி எழுதினப்ப ரெண்டே நோயாளிகதான். ஒருத்தருக்கு அழுக்குப் பயம். இன்னொருத்தருக்குப் பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிற எண்ணம். உங்கக்கா கதைதான் தங்கச்சி. டாக்டர் மாத்திரை எழுதியிருந்தா விடாதீங்க, இந்த நோய்க்கு அது வேலை செய்ய எட்டுப் பத்து வாரம்கூட ஆகும்.

கொக்கிரகுளம்_நாத்திகன்:
அப்போ சாமி கும்பிடாத கவுன்சிலரும் இதைத்தானே சொல்லுவாரு? பைபிள் என்ன கூடுதலாச் செஞ்சுது?

வார்டு_சிஸ்டர்:
அவரு "நிறுத்து"ன்னா, "இவருக்கு விசுவாசம் இல்ல, அதான் சொல்றாரு"ன்னு அந்தப் பிள்ளை ரெண்டாம் தடவை படியேறாது. எது ஜெபம், எது வியாதின்னு பிரிக்க ஜெபம் தெரிஞ்ச ஆளு வேணும்.

சாயர்புரம்_தாத்தா:
வியாதின்னே வச்சுக்கிடுவோம். ஜெபிக்காதன்னு ஒரு பிள்ளைகிட்ட சொல்ல எனக்கு நாக்கு வராது.

பாளை_தங்கச்சி:
ஜெபிக்காதன்னு சொல்லல தாத்தா. நோட்டுல எழுதிக் கொடுத்திருக்காங்க: "ஒரு தடவை. தப்பு வந்தாலும் திரும்பக் கூடாது." பக்கத்துல பயத்துக்கு நூத்துக்கு எத்தனைன்னு மார்க் போடணும். மொத நாள் 95 போட்டுட்டு விடிய விடியத் தூங்கல. இந்த வாரம் 95-ல ஆரம்பிச்சு, முக்கால் மணி நேரத்துல 60.

போன ஞாயித்துக்கிழமை ஆராதனையில பாவ அறிக்கை வாசிக்கும்போது நடுவுல இடறிட்டா. என் மணிக்கட்டைப் பிடிச்சவ விடவே இல்ல, நகம் பதிஞ்சு ரத்தம் கட்டிட்டு. ஆனா முதல்ல இருந்து ஆரம்பிக்கல. எல்லாரும் ஆமென் சொன்னாங்க, அவளும் சொன்னா.

சாயர்புரம்_தாத்தா:
அந்தக் கவுன்சிலர் அம்மா எந்தச் சேகரம், எந்தச் சர்ச்சு?

பாளை_தங்கச்சி:
கேக்கல தாத்தா.