காயாக் கன்றின் தளிர் மஞ்சளாக வருகிறது, காரணம் என்ன? (நிலாவெளி)

நிலாவெளி வளவு:
வணக்கம். வளவில் காயா வளர்க்கிறேன். காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, அந்தச் செடிதான். நாற்றுமேடைகளில் கேட்டால் பெயரே தெரியாது என்கிறார்கள். காட்டில் பிடுங்கியது இல்லை, பழம் பொறுக்கி முளைக்கப் போட்டேன்.

கிணற்றடியில் நிற்கும் கன்றுகள் நல்ல பச்சை. மதிலோரம் நிற்பவை மட்டும் வெளிறிப் போகின்றன. தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே கிணற்றிலிருந்துதான். யூரியா போட்டும் மாற்றமில்லை. கச்சான் காற்றுத்தான் காரணமா?

மூதூர் தோட்டம்:
கச்சான் அடித்தால் இலை ஓரம் கருகும், இப்படி வெளிறாது. தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள். வேர் அழுகினாலும் மஞ்சளாகும்.

நிலாவெளி வளவு:
இது கடற்கரை மணல் அண்ணா, தண்ணீர் தேங்க வழியில்லை.

தம்பலகாமத்து அக்கா:
தம்பி, மஞ்சளாவது அடியிலைகளா, தளிரா? அடியிலை என்றால் நைதரசன் குறைவாக இருக்கலாம், யூரியாவுக்குக் கேட்டிருக்கும். தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இருந்தால் அது இரும்புச்சத்துக் கோளாறு. அப்புறம், அது என்ன மதில்?

நிலாவெளி வளவு:
தளிர்தான் அக்கா, நரம்பு பச்சையாகவே நிற்கிறது. மதில் பழைய முருகைக்கல் (கடல் பவளக்கல்), சுண்ணாம்புச் சாந்து. அடியில் உதிர்ந்து கிடக்கிறது.

தம்பலகாமத்து அக்கா:
பிறகென்ன, அதுதான். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. காயா இனத்தில் பல செடிகள் அலுமினியத்தை இலையில் சேர்ப்பவை. அப்படிப்பட்டவை பெரும்பாலும் அமில மண்ணுக்குப் பழகியவை. நிச்சயப்படுத்த, மதிலடி மண்ணைக் காயவைத்து வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. கிணற்றடி மண்ணிலும் விட்டுப் பாருங்கள்.

நிலாவெளி வளவு:
மதிலடி மண் சோடாப் போலப் பொங்குகிறது! கிணற்றடி மண்ணில் ஒன்றுமில்லை. அன்னபேதி (இரும்புச் சல்பேற்று உப்பு) வாங்கிப் போடவா?

தம்பலகாமத்து அக்கா:
மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் கட்டிவிடும், காசுதான் வீண். மிக ஐதாகக் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் கொஞ்ச நாளைக்குப் பச்சை திரும்பும். கூடினால் இலை கருகும், கவனம். காரமண்ணிலும் வேலை செய்யும் இரும்புக் கலவை ஈ.டி.டி.எச்.ஏ என்று வருகிறது, ஆனால் விலை கூட.

கன்று சிறிதென்றால் இடம் மாற்றுவதே மேல். இந்த வெயிலில் தொடாதீர்கள். வாடை மாரி தொடங்கி மண் ஊறியதும், வேரோடு மண்கட்டி உடையாமல் அகலமாகத் தோண்டி எடுங்கள். கிணற்றடிப் பக்கம் வைத்து இலைச்சருகால் மூடுங்கள். யூரியாவை விடுங்கள்.

மூதூர் தோட்டம்:
எங்கள் பக்கம் பாய்ச் சாயத்துக்கு இந்த இலையைத் தேடி அலைவார்கள், நீங்கள் பூவுக்கு வளர்க்கிறீர்கள் :)

நிலாவெளி வளவு:
நன்றி அக்கா. பூ எப்போது வரும்? கவாத்துப் பண்ணினால் சீக்கிரம் பூக்குமா?

தம்பலகாமத்து அக்கா:
வேண்டாம். காயாவுக்குப் பூ முற்றிய கொம்பில் இலைக்கணுக்களில்தான் கொத்துக் கொத்தாக வரும். கொம்பை வெட்டினால் பூவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். வளர்ச்சியும் மெதுவானதுதான். காய்ந்த குச்சியை மட்டும் ஒடித்துவிடுங்கள்.